ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸா, வங்கியில் கல்விக்கடனா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். நான் டிப்ளமோ முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டில் மாதம் 14,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில், தமிழ் வழியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவர் யாருமில்லை. சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 அட்வான்ஸ் கேட்கிறார். விடுதியோடு வருடத்துக்கு 1,60,000 ஆகுமாம். நகையை அடகு வைக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை, அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரியில் படிப்புக் கட்டணம் 50,000 என்றால் அதில் 25,000 கழியும். நான்கு வருடத்தில் ஒரு லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்த ஒரு லட்சம் போய்விடும். அட்வான்ஸ் தனி.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) இருவரையும் தாண்டித்தான் மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். நீங்கள் முடித்தது டிப்ளமோ, பட்டமல்ல, அதனால் தடையில்லை. ஆனால் உங்கள் மாற்றுச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள். உடன்பிறந்தவர் ஒருவரின் படிப்பு விவரம் விடுபட்டிருந்தாலோ, ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இனிஷியல் மாறியிருந்தாலோ விண்ணப்பம் திரும்பி வரும். கலந்தாய்வுப் பதிவிலேயே சலுகையைக் குறிப்பிட வேண்டும் என்பதால் தாமதம் கூடாது. கையோடு வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். (அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. அதை எதிர்பார்க்க வேண்டாம்.)

விருப்பப் பட்டியலில் வேலூர் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியை முதலில் வையுங்கள். அரசுக் கல்லூரி, கட்டணம் மிகக் குறைவு. அதைவிடப் பெரிய லாபம், விடுதிச் செலவு இல்லை. வீட்டிலிருந்து படிக்கப் போகும் மாணவிகளுக்கு, பட்டப்படிப்பு வரை, ரயில்வே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டை இலவசமாகத் தருகிறது. கல்லூரிச் சான்று வேண்டும். குடியாத்தம் ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பது ஒரு தொல்லைதான். ஆனால் காட்பாடியில் இறங்கினால் பாகாயத்துக்கு டவுன் பஸ் உண்டு; சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே இடம் கிடைக்காவிட்டால், தினமும் போய்வரக்கூடிய மற்ற கல்லூரிகளை அடுத்தடுத்து வையுங்கள்.

தமிழ் வழியில் உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கும் புதுமைப் பெண் திட்டம் இப்போது உண்டு. மாதம் 1,000, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தங்கையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இல்லாவிட்டால் பணம் வராது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய தொழிலாளர் துறை உதவித்தொகை, தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 வரை. தேசிய உதவித்தொகைத் தளத்தில், அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையோடு விண்ணப்பிக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு இது இல்லை என்று நிபந்தனை இருப்பதால், எது எதோடு ஒத்துப்போகும் என்று கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். இரண்டு பணமும் கையில் வர மாதங்கள் ஆகும். சேர்க்கைச் செலவுக்கு இவற்றை நம்பக் கூடாது.

மீதிக்குத்தான் கல்விக்கடன். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். அம்மா இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். வருடம் 40,000 வீதம் 1,60,000 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 சதவீதத் தனிவட்டியில், படிப்பு நான்கு வருடம், அதன்பின் தவணை தொடங்கும் முன் ஒரு வருடம் சேர்த்து வட்டி மட்டும் 56,000 ஆகும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது என்பிஏ (NBA) தர அங்கீகாரமும் இருந்தால், அந்த வட்டியை மத்திய அரசின் வட்டி மானியம் ஏற்கும். ஏழு வருடத் தவணையில் மானியத்தோடு மாதம் சுமார் 2,660, இல்லாமல் சுமார் 3,590. மானியம் தானாக வராது. கடன் விண்ணப்பத்தோடேயே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

நகைக்கு வேலை ஒன்றுதான்: இட ஒதுக்கீடு வந்த சில நாட்களுக்குள் பணம் கட்டச் சொல்வார்கள், கடன் அதற்குள் வராது. அந்த இடைவெளிக்குத் தேவையான அளவு மட்டும் வங்கியில் அடகு வையுங்கள். தண்டல்காரரிடம் போகாதீர்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால், கடன் அனுமதியானதும் அந்தத் தொகையைத் திரும்பத் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். அந்தப் பணத்தில் முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.