தையல் மேசை: பாப்பா குவில்ட்டுக்கு உள்ளே எது, அடியில் எது?

கேள்வி: தம்பி மனைவிக்குச் சித்திரையில் பிரசவம். அத்தை கையால் குவில்ட் ஒன்று, அதாவது துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை, கொடுக்க ஆசைப்பட்டு, மிச்சமிருந்த சுடிதார் துண்டுகளை ஒட்டுப்போட்டு 36 அங்குல அகலம், 45 அங்குல நீளத்தில் மேல்துணி தைத்துவிட்டேன். கடையில் உள்ளே வைக்க 200 ஜிஎஸ்எம் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட்டும், அடியில் போட ஃப்ளானல் என்கிற மெத்தென்ற பருத்தித் துணியும் கொடுத்தார்கள். மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கிறது. குழந்தைக்குக் கனக்குமா?
– வாசகி, கரூர்

பதில்: கனக்கும் அம்மா. நல்லவேளை, தைப்பதற்கு முன் கேட்டீர்கள்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்குதான். உங்கள் 36க்கு 45 அளவு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். அதனால் எண்களை அப்படியே கூட்டிவிடலாம். ஒட்டுப்போட்ட பருத்தி மேல்துணி, தையல் மடிப்போடு சேர்த்து 120 என்று வையுங்கள். பஞ்சு 200, ஃப்ளானல் 160. மொத்தம் 480 கிராம். பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கிற பிள்ளைக்கு அது தன் எடையில் ஆறில் ஒரு பங்கு! அதுவும் கரூர் சித்திரை வெயிலில்.

இனி என் யோசனை. அந்த ஃப்ளானலை அடியிலிருந்து எடுத்து நடுவில் வையுங்கள். பஞ்சு ஷீட் வேண்டவே வேண்டாம். அடியில் மல் என்கிற மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். அது 65 கிராம்தான் வரும். இப்போது மொத்தம் 345. இன்னும் லேசாக வேண்டுமானால் ஃப்ளானலுக்குப் பதில் பழைய எட்டு முழ வேட்டியில் ஒற்றை அடுக்கு. 270 கிராமைத் தாண்டாது. நான் என் வீட்டு வேட்டியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில் கிடத்துவது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தானே. நூறு சலவை கண்ட பருத்தி இனிச் சுருங்காது, உறுத்தாது, சாயமும் விடாது. புதுத்துணி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தப் பதம் வராது. வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் இழை நைந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டுங்கள். ஜரிகைக் கரையையும் எடுத்துவிடுங்கள், குத்தும். கஞ்சி, நீலம் இல்லாமல் ஒருமுறை அலசிக் காயவைத்தால் போதும்.

கையில் இருக்கும் அந்தப் பாலியெஸ்டர் ஷீட்டை மல்லோடு சேர்த்துவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மல் நெருக்கமில்லாத நெசவு. சலவைக்குச் சலவை பஞ்சின் இழை அந்தச் சந்து வழியாக வெளியே வரும். என் மூத்த பேரனுக்கு அப்படித்தான் ஒன்று தைத்தேன். பத்துச் சலவைக்குள் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை முடி முளைத்தது போல ஆகிவிட்டது. ஒருநாள் பிள்ளையின் மூடிய கையைத் திறந்து பார்த்தால் விரலிடுக்கில் அந்த இழை. கை அடுத்து வாய்க்குத்தானே போகும்? அன்று இரவே உட்கார்ந்து தையல் மொத்தத்தையும் பிரித்தேன். உள்ளே வைப்பதையும் அடியில் போடுவதையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். பஞ்சு ஷீட்தான் என்றால் இரண்டு பக்கமும் பாப்லின் போல நெருக்கமான நெசவு வேண்டும். அடியில் மல் என்றால் உள்ளே இருப்பதும் நெய்த துணியாக இருக்கட்டும். வேட்டியிலும் ஃப்ளானலிலும் பஞ்சு ஷீட் போல இழை பிரிந்து வராது. சலவையில் திரண்டு ஒரு மூலையில் சேரவும் செய்யாது. உதிரி இலவம்பஞ்சை நிரப்பினால் அப்படித்தான் சேரும்.

ஃப்ளானலையும் மல்லையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும். ஃப்ளானல் நன்றாகவே சுருங்கும். அடித்துணி நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மல் வழுக்கும் என்பதால் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். இழுக்காமல் கையால் நீவிவிட்டால் போதும். சாணுக்கு ஒரு சேஃப்டி பின். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நான்கு அங்குல இடைவெளியில் கையால் ஓட்டுத்தையல். மெஷின் என்றால் 11-ம் நம்பர் ஊசி. முடித்ததும் பின்களை எண்ணி எடுங்கள். எத்தனை குத்தினோம் என்பதை முதலிலேயே எழுதிவைப்பது என் பழக்கம்.

இன்னொன்றையும் தம்பி மனைவியிடம் அவசியம் சொல்லுங்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைக்கு இதைப் போர்த்த வேண்டாம், பக்கத்திலும் வைக்க வேண்டாம். போர்வையோ தலையணையோ முகத்தில் விழுந்தால் விலக்கிக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியாது என்பதால் குழந்தை மருத்துவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்துக் குப்புறப் போட இது நன்றாக உதவும். அப்படிப் புழங்கினால் தினமும் நனையும், தினமும் துவைக்க வேண்டிவரும். மெல்லிய அடுக்கு அரை நாள் வெயிலில் காய்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் குளிர். மல் போதாது. மழைக்காலத்தில் துணியும் காய்வதில்லை. லேசாகவும் வேண்டும், கதகதப்பாகவும் வேண்டும். வழி உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு. அடியில் ஃப்ளீஸ் என்கிற, குளிர்ச்சட்டைகளில் வரும் மெத்தென்ற துணி போடுங்கள், நடுவில் எதையும் வைக்காதீர்கள். ஃப்ளீஸே பஞ்சின் வேலையையும் அடித்துணியின் வேலையையும் பார்த்துவிடும். சுருங்காது, ஓரம் பிரியாது, பருத்தியைவிடச் சீக்கிரம் காயும். ஆனால் அது பாலியெஸ்டர். சூடு பட்டால் உருகும். ஹீட்டருக்கும் கணப்புக்கும் பக்கத்தில் விரிக்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் அந்தப் பக்கம் படக் கூடாது. மேல்துணி பருத்தி என்றால் அதை மட்டும் முன்பே நனைத்துச் சுருக்கிவிடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் மேலே சுருங்கி, கீழே அப்படியே நின்று, முழுதும் அலை அலையாகிவிடும்.

கேள்வி: சிவப்புச் சுங்குடியை அடித்துணியாகப் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வெள்ளைத் துணியை நனைத்துச் சுங்குடியின் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் துளி நிறம் ஒட்டினாலும் வேண்டாம். பிள்ளை அதைச் சப்பும்.