பிஆர் (மக்கள் தொடர்பு) வேலை இன்டர்வியூவுக்கு வேலூரில் இருந்தபடியே எப்படிப் பயிற்சி எடுப்பது?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம், சென்னையிலோ பெங்களூருவிலோ பிஆர் ஏஜென்சியில் சேர ஆசை, இன்டர்வியூ என்றாலே உதறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர் பேச்சில் திணறினாலும் மன்னிப்பு உண்டு. பிஆரில் கிடையாது. நாளைக்கு நிருபரிடம் இவரைப் பேச விடலாமா என்பதைத்தான் எதிரில் இருப்பவர் எடைபோடுகிறார். பதில்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பதிலுக்கு மூன்று குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு 90 விநாடி போதும். செல்போனில் பதிவு செய்து, முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கையும் கண்ணும் செய்கிற சேட்டை தெரியும். அடுத்து, படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். "பேசிக்கலி", "ஆக்சுவலி" எத்தனை என்று எண்ணினால் நீங்களே அசந்துபோவீர்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது நெருக்கடிக் கேள்விக்கு. பயிற்சிக்கு நம்ம ஊரிலேயே சரக்கு இருக்கிறது. "ராணிப்பேட்டையில் எங்கள் கிளையன்டின் தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் கசிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

பெரும்பாலானோர் "உடனே பிரஸ் மீட் வைப்பேன்" என்பார்கள். உண்மை கையில் இல்லாமல் மைக் முன்னால் உட்கார்ந்தால் இரண்டாவது கேள்விக்கே வாயடைத்துவிடும். முதலில் தொழிற்சாலையில் பொறுப்பில் இருப்பவரிடம் பேசி, என்ன நடந்தது, யாருக்காவது பாதிப்பா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு பேசுவதற்கு ஒரே ஆளை நியமிக்க வேண்டும். அதன்பின் நாலே வரியில் அறிக்கை:

"இன்று காலை 6 மணியளவில் எங்கள் கழிவுநீர்த் தொட்டியில் கசிவு ஏற்பட்டது. உற்பத்தியை நிறுத்திவிட்டோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் தந்துள்ளோம். காரணம் ஆராயப்படுகிறது, அடுத்த தகவல் பகல் 12 மணிக்கு."

இதில் மறுப்பும் இல்லை, காரணத்தைப் பற்றிய ஊகமும் இல்லை. ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. வாரியத்துக்குச் சொல்லாமலே "தகவல் தந்துள்ளோம்" என்றால் மாலைக்குள் அம்பலம். காயமடைந்தவர் பெயரைக் குடும்பத்துக்குத் தெரியும் முன் வெளியிடக் கூடாது. "கருத்து சொல்ல விரும்பவில்லை" என்பது, கேட்கிறவர் காதில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே விழும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொன்னதும் தெரிந்திருக்கட்டும். இந்தப் பின்னணி தெரியாமல் இங்கே தோல் தொழிற்சாலைக்கு அறிக்கை எழுத முடியாது.

பயிற்சிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் இன்டர்வியூ எடுப்பவர், ஒருவர் எரிச்சலான நிருபர், மூன்றாமவர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பவர். நிருபராக இருப்பவர் பாதியில் "இதுல என்ன நியூஸ் இருக்கு?" என்று வெட்ட வேண்டும். 30 விநாடிக்குள் பதில் வரவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

எழுத்துத் தேர்வும் வைப்பார்கள். தினத்தந்தி, தினமலர் வேலூர் பதிப்புகளை ஒரு வாரம் படித்துவிட்டு, ஒரு மருத்துவ முகாமுக்கு 30 நிமிடத்தில் செய்திக் குறிப்பு எழுதிப் பாருங்கள். தேதி, இடம், யாருக்குப் பயன் என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். தலைவர் பொன்னாடை போர்த்தியது முதல் வரியில் வந்தால், அதைக் கிழித்துப் போடுங்கள்.

பிஆர் பிரச்சாரத்தின் வெற்றியை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டால், "செய்தி வந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் இவ்வளவு" என்று கணக்குச் சொல்லாதீர்கள். பிஆர் பலனை அளப்பதற்கென்று சர்வதேச அளவில் வகுத்த 2010 பார்சிலோனா கோட்பாடுகளே அதை ஒதுக்கிவிட்டன. சொல்ல நினைத்த சேதி செய்தியில் வந்ததா, அதன் பிறகு மக்கள் என்ன செய்தார்கள் என்று பேசுங்கள்.

ஏஜென்சிகளில் இன்டர்வியூ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சிறு சிறு வாக்கியமாகப் பேசினால் போதும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருது, குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு மாநிலப் பத்திரிகைகளோடு மல்லுக்கட்டும் ஏஜென்சிக்கு அது பெரிய விஷயம்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளப் பேச்சை அவர்களே எடுக்கட்டும். அவர்களுடைய கிளையன்ட் ஒருவரின் சமீபத்திய செய்திக் குறிப்பைப் படித்துவிட்டுப் போய், அது தமிழ்ப் பத்திரிகைகளில் ஏன் வரவில்லை என்று பணிவாகக் கேளுங்கள்.