மாதத்துக்கு 100 மணி நேரம்கூடப் பறக்காத விமானிகள் ஏன் களைப்பு என்று புகார் சொல்கிறார்கள்?

கேள்வியில் இருக்கும் கணக்கு சரியானதே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு விமானி 28 நாட்களில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. தினம் எட்டு மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவர் அந்த 100 மணி நேரத்தைப் பதின்மூன்று நாட்களில் தாண்டிவிடுவார். "அதிலும் பெரும்பாலான நேரம் ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் விமானி இல்லை. ஒரு விமான நிறுவனத்தில், எந்த விமானத்துக்கு எந்த விமானி என்று தீர்மானிக்கும் பணிப்பட்டியல் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அதில் கடைசி ஐந்து ஆண்டுகள், அன்றன்றைக்கு முளைக்கும் சிக்கல்களைத் தொலைபேசியிலேயே தீர்த்துவைக்கும் இருக்கையில், பெரும்பாலும் இரவுப் பணியில் இருந்தேன். எனவே இந்தக் களைப்பைப் பங்கிட்டுக் கொடுத்த இடத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 100 மணி நேரம். விமானம் பறப்பதற்காகச் சக்கரத்தை நகர்த்திய நொடியிலிருந்து, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடிவரைதான் பறப்பு நேரம். ஒரு நாளில் ஒரு மணி இருபது நிமிடப் பயணங்கள் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பறப்பு நேரம் ஐந்து மணி இருபது நிமிடம். ஆனால் விமானி முதல் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து கையெழுத்திட்டு, வானிலையையும் எரிபொருள் கணக்கையும் பார்த்து, விமானத்தைச் சுற்றி வந்து சோதித்திருக்க வேண்டும். நடுவில் மூன்று முறை பயணிகள் இறங்கி ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் வீதம் போகும். அந்த நேரத்தில் அவர் ஓய்வெடுப்பதில்லை, அடுத்த பயணத்துக்கான வேலையைப் பார்க்கிறார். கடைசியில் தாள்களை முடிக்க அரை மணி நேரம். எதுவுமே தாமதமாகாத நல்ல நாளில்கூட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. வீட்டிலிருந்து வந்த நேரமும் விடுதிக்குப் போகும் வண்டிக்காக நின்ற நேரமும் எந்தக் கணக்கிலும் வராது.

இருந்தாலும் மணிக்கணக்கை மட்டும் வைத்து இந்தக் களைப்பை விளக்கிவிட முடியாது. அந்த மணிகள் நாளின் எந்தப் பகுதியில் விழுகின்றன என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மனித உடலின் விழிப்பு நிலை அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணிவரை மிகவும் தாழ்ந்திருக்கும். காலை ஐந்து மணிக்குப் பணிக்கு வர வேண்டியவர் மூன்று மணிக்கு எழ வேண்டும். எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமானால் முந்தைய மாலை ஏழு மணிக்கே படுக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு உடல் தூங்க மறுக்கும்; அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கலாம், தூக்கம் வராது. இப்படி மூன்று அதிகாலைகள் முடித்தவருக்கு மூன்றாம் நாளே இரவுப் பயணமும் தந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பகல் ஒரு மணிக்குப் பணி முடிகிறது, அன்றிரவே பதினொரு மணிக்கு மீண்டும் வர வேண்டும். இடையில் பத்து மணி நேரம். அமெரிக்க விதிப்படி அது முழுமையான ஓய்வு. அந்தப் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி வெளிச்சத்திலும் இரைச்சலிலும் போகிறது. பகலில் தூக்கம் பிடிக்காதவர், மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு விமானத்தைத் தரையிறக்கும்போது இருபத்தாறரை மணி நேரமாக விழித்திருப்பவர் ஆகிறார். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே, இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருக்கு நிகராகச் செயல்திறன் குறைகிறது என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. என் கணினித் திரையிலோ அந்த விமானியின் பெயருக்கு நேராக, விதிப்படி எல்லாம் சரி என்று காட்டும் பச்சை நிறம்தான் தெரியும்.

ஆட்டோபைலட் இந்தச் சுமையைக் குறைக்கிறது என்று நீங்கள் நினைப்பது இயல்புதான்; நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். இருட்டில், ஒரே சீரான இரைச்சலில், எதுவும் மாறாத அளவுமானிகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தூக்கத்தை அழைக்கும் வேலை வேறில்லை. பிறகு இறங்கும் நேரம் வரும்போது, கடைசி அரை மணி நேரத்துக்குள் எல்லா வேலையும் ஒன்றாக வந்து சேர்கிறது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். விமானத்தின் முன்னறையில் பதிவான சுமார் இரண்டு மணி நேர ஒலிப்பதிவில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூங்கியிருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தது; குறட்டைச் சத்தம் அதில் பதிவாகியிருந்தது. அவர் விழித்துக்கொண்டார்தான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குச் சிறிது நேரம் மூளை மந்தமாகவே இருக்கும், முடிவுகள் பிசகும். விமானம் மிக உயரத்தில் வருகிறது, தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்ப வேண்டும் என்று துணை விமானி சொன்னதும் அந்தப் பதிவில் இருக்கிறது. கேப்டன் தரையிறக்குவதையே தொடர்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பறக்கும்போது விமானிகள் முன்னறையில் தூங்குவதே குற்றம் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 1994-இல் நாசா வெளியிட்ட ஆய்வில், நீண்ட பயணத்தின் நடுவே ஒருவர் மட்டும் முறையாகச் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் ஓய்வெடுக்க அனுமதித்தபோது, அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். இறங்கும் நேரத்தில் ஓய்வெடுக்காதவர்களைவிடக் கவனமாகவும் இருந்தார்கள். ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் இன்று இது அனுமதிக்கப்பட்ட நடைமுறை. ஆய்வு நடந்த அமெரிக்காவிலோ இதற்கு அனுமதி இல்லை, இது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருந்திருக்கிறது.

இனி பட்டியல் தயாராகும் விதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. தனித்தனிப் பயணங்களை ஒரு நாள் பணியாகவும், அந்த நாட்களைக் கோத்து ஊர் திரும்பும் சுற்றாகவும், அந்தச் சுற்றுகளை ஆட்களுக்குப் பிரித்து மாதப் பட்டியலாகவும் ஒரு மென்பொருள் ஆக்குகிறது. கோடிக்கணக்கான சேர்க்கைகளிலிருந்து மிகக் குறைந்த செலவில் முடிவதை அது தேர்ந்தெடுக்கும். அதற்கு விதி என்பது ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. இந்தப் பக்கம் எவ்வளவு நெருங்கி நின்றாலும் செலவு ஏறாது. ஆகவே விடை எப்போதும் சுவரோடு ஒட்டியே நிற்கும். ஐரோப்பிய விதியில் காலையில் தொடங்கும் பணிக்கு உச்ச வரம்பு 13 மணி நேரம் என்றால், பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஒரு நாளை அமைத்துத் தருவதில் மென்பொருளுக்கு எந்தத் தயக்கமும் இருக்காது. பாதுகாப்புக்காக வகுத்த எல்லை இப்படித்தான் அன்றாட இலக்காக மாறிப்போகிறது. காகிதத்தில் அந்த நாள் சட்டத்துக்கு உட்பட்டது. மழையால் நாற்பது நிமிடம் தாமதமானால் அது சட்டத்துக்கு வெளியே போய்விடும். மழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்போதுதான் என் தொலைபேசிக்கு வேலை வரும். எதிர்பாராத தாமதம் ஏற்பட்டால், கேப்டன் ஒப்புக்கொள்ளும் பட்சத்தில் அன்றைய வரம்பை இரண்டு மணி நேரம் வரை நீட்டலாம் என்று அமெரிக்க விதியும் ஐரோப்பிய விதியும் சொல்கின்றன. முடிவு முழுக்க அவருடையது, யாரும் வற்புறுத்தக் கூடாது. நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. "கேப்டன், கடைசிப் பயணத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் நீட்டிப்பு தேவைப்படுகிறது, உங்களால் முடியுமா?" என்று பணிவாகக் கேட்பேன். 180 பேர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட விமானத்தின் முன்னறையில் இருக்கும் ஒருவரிடம், மாற்று ஆள் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும் நிலையில், அந்தக் கேள்வியைக் கேட்பதே போதுமான வற்புறுத்தல் என்று எனக்குப் புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. களைத்த மனிதருக்கு முதலில் குறைவது தன் களைப்பை அளந்து பார்க்கும் திறன். அவரிடமே போய், 'நீங்கள் களைத்திருக்கிறீர்களா?' என்று விசாரிக்கும் ஏற்பாடு இது.

தொலைபேசி அழைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1993 ஆகஸ்ட் 18 அன்று கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் நடந்த விபத்தைச் சொல்லலாம். இரவு முழுவதும் சரக்கு விமானம் ஓட்டி அட்லாண்டாவில் பணியை முடித்த மூவருக்கு, வீட்டுக்குப் போகும் நேரத்தில் புதிதாக ஒரு பயணம் ஒதுக்கப்பட்டது. விழுந்த நேரத்தில் கேப்டன் இருபத்து மூன்றரை மணி நேரமாகவும், துணை விமானி பத்தொன்பது மணி நேரமாகவும், விமானப் பொறியாளர் இருபத்தொரு மணி நேரமாகவும் விழித்திருந்தார்கள். ஓடுபாதைக்கு அருகே இருக்க வேண்டிய ஒரு விளக்கைத் தேடுவதிலேயே கேப்டனின் கவனம் சிக்கிக்கொண்டது. அந்த விளக்கு அன்று எரியவில்லை. வேகம் குறைகிறது என்று மற்றவர்கள் சொன்னது அவருக்குள் இறங்கவில்லை. மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஒரு பெரிய விமான விபத்துக்குக் காரணமாகக் களைப்பை அமெரிக்க விசாரணை வாரியம் குறிப்பிட்டது அதுவே முதல் முறை. அந்த அறிக்கையைப் படித்தபோது, அட்லாண்டாவுக்குத் தொலைபேசியில் பேசியவர் யாராக இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஸ்டாண்ட்பையில், அதாவது அழைத்தால் வர வேண்டிய காத்திருப்புப் பணியில், இருப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அழைப்பு வருமா, எப்போது வரும் என்று தெரியாததால், எப்போது தூங்குவது என்று அவர்களால் திட்டமிட முடியாது. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் காத்திருந்த பக்கத்துப் பாதையை நோக்கி இறங்கியது. தரையிலிருந்து ஏறக்குறைய 18 மீட்டர் வரை வந்து மேலெழும்பியது. அதன் கேப்டன் அன்று அப்படிக் காத்திருப்புப் பணியிலிருந்து அழைக்கப்பட்டவர், பத்தொன்பது மணி நேரத்துக்கு மேலாக விழித்திருந்தவர்.

விதிகளை இறுக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆகும். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபோது, துணை விமானி முந்தைய இரவு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விமானங்களில் பயணம் செய்து பணிக்கு வந்தவர் என்பதும், கேப்டன் பணியாளர் ஓய்வறையில் இரவைக் கழித்தவர் என்பதும் தெரியவந்தது. அதன் விளைவாக அமெரிக்காவில் 2014 ஜனவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவை நல்ல விதிகள். பணி தொடங்கும் நேரத்தைப் பொறுத்தும் பயணங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் வரம்பு மாறுகிறது, எட்டு மணி நேரம் தடையின்றித் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. சரக்கு விமானங்களை மட்டும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். சரக்குப் பெட்டிகள் புகார் சொல்வதில்லை என்பதைத் தவிர இதற்கு உடலியல் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விதியை இறுக்கினால் ஆட்கள் வேண்டும். இந்தியாவில் வார ஓய்வை 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் தரப்பட்டது. அந்த நாட்களில் பயணிகளின் கோபம் விதியின் மேல் திரும்பியதைப் பார்த்தேன். உபரியாகப் பத்து விமானிகளை வைத்திருப்பது வீண் செலவாகத் தெரியும், அவர்கள் தேவைப்படும் நாள் வரும்வரை.

நிறுவனத்தின் மேல் மட்டும் பழியைப் போடுவதும் முழு உண்மை ஆகாது. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் பாத்திக் ஏர் விமானிகள் இருவரும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். துணை விமானியின் வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள் இருந்தன. எந்தப் பணிப்பட்டியலும் அதை அறியாது. அவரே சொன்னால்தான் உண்டு. சொல்ல முடிகிற சூழல் இருக்கிறதா என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒருமுறை அதிகாலை மூன்றே முக்காலுக்கு ஒரு கேப்டன் என்னை அழைத்தார். ஐந்து மணிக்கு அவர் வர வேண்டும். "விதிப்படி நான் வரலாம். ஆனால் நேற்றிரவு நான் தூங்கவில்லை, என்னால் ஓட்ட முடியாது" என்றார். காரணம் கேட்கும் உரிமை எனக்கில்லை, கேட்கவும் இல்லை. வேறொருவரை எழுப்பி, விமானத்தை ஒன்றரை மணி நேரம் தாமதமாக அனுப்பினேன். பிறகு மென்பொருளில் அவர் வராத காரணத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தேர்வுப் பட்டியலில் நோய், குடும்பத் துக்கம், முன்னறிவிப்பின்றி வராமை ஆகியவை இருந்தன. களைப்பு என்று ஒன்று இல்லை. நோய் என்று பதிந்தேன். மூன்று மாதத்தில் மூன்றாவது நோய் விடுப்பு என்பதால், அவரை விளக்கம் கேட்டு மென்பொருள் தானாகவே ஒரு கடிதம் அனுப்பியது. அதன் பிறகு நான் அங்கே இருந்தவரை, களைப்பாக இருக்கிறது என்று அவர் என்னை அழைக்கவே இல்லை.