டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி டைவர்ட்டர் லைன் டெஸ்ட்

ப்ரோ, பாத்ரூம் சுவத்துக்குள்ள பதிக்கிற டைவர்ட்டர் (ஹாட், கோல்ட் தண்ணிய கலந்து ஷவருக்கோ, கீழ இருக்கிற ஸ்பவுட் குழாய்க்கோ திருப்பி விடுற வால்வு) லைன்ல டேங்க் தண்ணிய தொறந்து விட்டேன் லீக் இல்ல, திங்கக்கிழமை டைல்ஸ் ஆரம்பிக்கலாம்னு உங்க பிளம்பர் சொன்னாருல்ல, அது டெஸ்ட்டே இல்ல. டேங்க் 10 அடி மேல இருந்தா வர்ற பிரஷர் சுமார் 0.3 பார் தான், அதுல அரைகுறையா ஒட்டுன ஜாயின்ட் கூட கம்முனு இருக்கும். பிரஷர் கேஜ் வச்ச கை பம்ப்ப கொண்டு வரச் சொல்லுங்க. கீசர் பாயின்ட்ல ஹாட், கோல்ட் ரெண்டையும் ஒரு ஹோஸ் போட்டு சேத்துட்டு (கீசர மாட்டி வச்சு பண்ணாதீங்க) மத்த பாயின்ட்டுக்கெல்லாம் எண்ட் பிளக் அடிச்சு, காத்து முழுசா வெளிய போனதும் 6-7 கிலோ பிரஷர் (சுமார் 6-7 பார்) ஏத்தி ராத்திரி பூரா விடுங்க, காலைல முள்ளு இறங்கியிருக்கக் கூடாது. சிபிவிசி (சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் பைப்) கடைசி ஜாயின்ட் ஒட்டி ஒரு நாளாவது ஆகியிருக்கணும்.

எல்லாரும் கோட்டை விடுறது எங்கன்னா, டைவர்ட்டர் மூடியிருந்தா ஷவருக்கும் ஸ்பவுட்டுக்கும் போற பைப்ல பிரஷரே ஏறாது. அதனால ஷவர் பக்கம் ஒரு தடவ, ஸ்பவுட் பக்கம் ஒரு தடவ திருப்பி வச்சு பாருங்க.

அப்புறம் ஆழம். டைவர்ட்டர் பிளாஸ்டிக் கவர்ல மின், மேக்ஸ் கோடு இருக்கும், பூச்சு, பசை எல்லாம் போக டைல் முகம் அந்த ரெண்டுக்கும் நடுவுல வரணும், உள்ள போயிட்டா எக்ஸ்டென்ஷன் தேடி அலையணும், வெளிய நீட்டுனா டைவர்ட்டர மூடுற வெளித்தட்டு சுவத்தோட உக்காராது. இடது ஹாட், வலது கோல்டானும் பாத்துட்டு, பைப் எங்க போகுதுன்னு தெரிய அளவு டேப் வச்சு போட்டோ எடுத்துக்கோங்க.

டைல்ஸ்காரர்கிட்ட புதன்கிழமை வாங்கன்னு சொல்லிடுங்க, முனகுவாரு, முனகட்டும்.