அப்பாவின் பதிவு, மகனின் விசா

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரே மகன். மனைவி, அங்கேயே பிறந்த மூன்று வயதுப் பையனுடன் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் எட்டு வருடமாக இருக்கிறான். எச்-1பி விசா. இவருக்கு இப்போது முழுநேர வேலையே அமெரிக்க அரசியல்தான். விடிந்ததும் எக்ஸ், அப்புறம் யூடியூப், மத்தியானம் ஃபேஸ்புக்கில் நீளமாக ஒரு பதிவு. ட்ரம்ப் பக்கம். 2020 தேர்தலில் ராத்திரி மூன்று மணிக்குக் கள்ள ஓட்டைக் கொட்டிவிட்டார்கள் என்று சாதிக்கிறார். "நான் வாக்குச்சாவடி தலைமை அலுவலராக இருந்தவன், எனக்குத் தெரியாதா?" என்கிறார். எல்லாப் பதிவிலும் மகனை டேக் செய்கிறார். "அப்பா, டேக் பண்ணாதீங்க, ஸ்டாம்பிங் வருது" என்று அவன் சொன்னதற்கு, "உனக்கு முதுகெலும்பே இல்லை, அந்த ஊர்ல இருந்துக்கிட்டே உனக்கு ஒண்ணும் தெரியலை" என்றுவிட்டார். மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் நின்றுவிட்டது. என் தம்பி இவருக்கு நேர் எதிர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருவருக்கும் தினம் சண்டை. மகன் பயப்படுவது நியாயமா? இவர் சொல்வதெல்லாம் உண்மையா? நான் என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் பயப்படுவது நியாயம்தான். மற்றதை ஆறப்போட்டுப் பேசலாம், இது அப்படியல்ல என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவம், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை 2019 முதலே கேட்டுவருகிறது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களும் தங்கள் கணக்குகளை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றாகிவிட்டது. அந்த மாதம் ஸ்டாம்பிங்குக்காக, அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா பதிந்து வாங்க, ஊருக்கு வந்த பலருக்கு நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. வேலை அங்கே, ஆள் இங்கே என்று மாட்டிக்கொண்டார்கள். சென்னை ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போகிற பிள்ளைக்கு வயிற்றில் புளி கரைக்காதா?

அதிகாரி பார்க்கப்போவது மகனின் கணக்கைத்தான், அப்பாவின் கணக்கை அல்ல. ஆனால் டேக் செய்தால் அப்பா எழுதியது மகனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். "நான் ட்ரம்பைப் புகழ்ந்துதானே எழுதுகிறேன், நல்லதுதானே?" என்று உங்கள் கணவர் கேட்பார். அதே பதிவின் அடுத்த வரியில் யாரையாவது தேசத்துரோகி என்றிருப்பார். கீழே உங்கள் தம்பி வந்து பதிலுக்கு இன்னொருவரை வேறு ஏதோ சொல்லியிருப்பார். அந்தச் சந்தைக்கடை முழுவதும் உங்கள் மகன் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. ஃபேஸ்புக் செட்டிங்கில், பிறர் டேக் செய்ததைத் தன் அனுமதி இல்லாமல் தன் பக்கத்தில் காட்டாமல் தடுக்க ஒரு வசதி உண்டு. பழைய டேக்குகளையும் அவனே நீக்கிவிடலாம். இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். தெரிந்தால் உங்கள் கணவர் கோபப்படுவார், படட்டும், ஆறிவிடும்.

முதுகெலும்பு பற்றி ஒரு வார்த்தை. எச்-1பியில் இருப்பவர் அங்கே வாக்களித்தால் அது குற்றம். வேட்பாளருக்கு ஒரு டாலர் நன்கொடை கொடுத்தாலும் சட்டப்படி தவறு. அந்த வீட்டில் அமெரிக்கக் குடிமகன் உங்கள் பேரன் ஒருவன்தான். அவன் வாக்குச்சாவடிக்குப் போக இன்னும் 15 வருடம் கிடக்கிறது. உங்கள் மகன் வாயைத் திறக்காமல் இருப்பது கோழைத்தனம் இல்லை, குடும்பம் நடத்துகிறவனின் கணக்கு.

இனி வருவதை உங்கள் கணவரிடமே படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

ஐயா, வணக்கம். நீங்கள் தேர்தல் நடத்திய கை என்பதால் உங்களிடம் இதைப் பேசுவது எனக்குச் சுலபம். நம் ஊரில் வாக்குப்பதிவு முடிந்ததும் சீல் வைத்து, 17சி படிவத்தில் கணக்கெழுதி, ஏஜென்டுகளுக்கு நகல் கொடுத்து அனுப்புகிறீர்கள். அப்புறம் இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில் காத்திருக்கும். எண்ணும் நாள் வந்தால் எல்லா இடத்திலும் காலை எட்டு மணிக்குத் தபால் வாக்கில் தொடக்கம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தேர்தல் ஆணையம். அமெரிக்காவில் அப்படி ஒன்று கிடையாது. ஃபெடரல் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் இருப்பது பிரசாரப் பணத்தின் கணக்கைப் பார்க்கும் அமைப்பு. வாக்கெடுப்பை நடத்துவது மாநிலங்களும், அவற்றுக்குக் கீழே நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளும், சில இடங்களில் நகராட்சிகளும். எப்போது எண்ணத் தொடங்கலாம் என்பதுகூட மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இரவு டிவியில் "வெற்றி" என்று வருவது அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் அறிவிப்பு. அரசு அறிவிப்பு வாரங்கள் கழித்துத்தான் வரும்.

நீங்கள் சொல்லும் அந்த மூன்று மணி விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் நடந்தது. நம் கடிகாரத்தில் மதியம் இரண்டரை. அந்த மாநிலச் சட்டப்படி, தபாலில் வந்த வாக்குகளை வாக்குப்பதிவு நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது. கொரோனா வருடம், ஏகப்பட்ட தபால் வாக்கு. மில்வாக்கி நகரம் அவற்றை ஒரே இடத்தில் வைத்து எண்ணி, மொத்தமாக முடித்த பிறகு ஒரே தடவையில் முடிவைச் சேர்த்தது. சுமார் 1,69,000 வாக்குகள். வாக்கு எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறாமல் வேறு எப்படி ஏறும்? தபால் வாக்கை நம்பாதீர்கள் என்று ட்ரம்ப் மாதக்கணக்கில் சொல்லிவந்ததால் அவருடைய ஆட்கள் நேரில் போய் வாக்களித்தார்கள். தபாலில் போட்டவர்களில் பெரும்பாலோர் பைடன் பக்கம். அதனால் கோடு ஒரு பக்கமாக ஏறியது. முன்கூட்டியே பிரித்து வைக்க அனுமதிக்கும் ஃப்ளோரிடாவில் இந்த நாடகம் எதுவும் இல்லாமல் அன்று இரவே முடிவு வந்துவிட்டது. அங்கே ஜெயித்தது ட்ரம்ப்.

நீங்கள் யூடியூபில் பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்கிறேன். விஸ்கான்சினில் மில்வாக்கி, டேன் என்ற இரண்டு கவுண்டிகளில் மறு எண்ணிக்கை வேண்டும் என்று ட்ரம்ப் தரப்பே 30 லட்சம் டாலர் கட்டியது. எண்ணி முடித்தபோது பைடனின் முன்னிலை 87 வாக்குகள் கூடியிருந்தது.

அதற்காக அந்த ஊரில் தவறே நடக்காது என்று சொல்ல வரவில்லை. மிச்சிகனின் வடக்கே ஆன்ட்ரிம் என்று ஒரு சின்னக் கவுண்டி, ட்ரம்பின் குடியரசுக் கட்சிக் கோட்டை. 2020 தேர்தல் இரவில் அங்கே பைடன் சுமார் மூவாயிரம் வாக்கு முன்னிலை என்று வந்தது. ஊரே திகைத்தது. நடந்தது என்னவென்றால், கடைசி நேரத்தில் சில பகுதிகளின் வாக்குச்சீட்டை மாற்றியிருந்தார்கள், ஆனால் அதற்கேற்ற அமைப்பை எல்லா இயந்திரங்களிலும் ஏற்றவில்லை. வரிசை இடம் மாறி ஒருவர் வாக்கு இன்னொருவர் கணக்கில் விழுந்தது. சில நாட்களில் திருத்தினார்கள், ட்ரம்ப்தான் ஜெயித்திருந்தார். டிசம்பரில் காகிதச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணினார்கள். திருத்திய முடிவுக்கும் இதற்கும் இடைவெளியில் வித்தியாசம் 12 வாக்கு. ஒரு எழுத்தர் அலுவலகத்தில் நேர்ந்த இந்தப் பிசகுதான் இணையத்தில் உலகளாவிய சதியாக வளர்ந்தது. வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் மீது பழி போட்ட பேச்சை ஒளிபரப்பியதற்காக ஃபாக்ஸ் நியூஸ் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இப்படி ஒரு விடுபடல் எப்படி நேரும் என்று உங்களுக்குத் தெரியாதா ஐயா? படிவத்தில் ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டு, நள்ளிரவில் மண்டல அலுவலரோடு உட்கார்ந்து கூட்டிக் கழித்தவர்கள் இல்லாத பள்ளிக்கூடம் நம் மாவட்டங்களில் உண்டா?

மைத்துனர் சிரிக்க வேண்டாம், அவருக்கும் இருக்கிறது. 2024 நவம்பரில் கமலா ஹாரிஸ் தோற்ற மறுநாளே "இரண்டு கோடி வாக்குகள் காணோம்", "ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வழியாக மாற்றிவிட்டார்கள்" என்று எதிர்ப்பக்கத்தில் கிளம்பியது. அவர் அதைக் குழுவில் பகிராமல் இருந்திருந்தால் ஆச்சரியம். காணாமல் போனவை எங்கேயும் போகவில்லை, கலிபோர்னியாவில் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. தேர்தல் நாள் முத்திரையோடு ஒரு வாரம் வரை வந்து சேரும் தபால் வாக்குகளையும் ஏற்கிற மாநிலம் அது. எண்ணி முடிக்க வாரங்கள் ஆகும். எல்லாம் எண்ணிய பிறகு ட்ரம்புக்கு சுமார் 7.73 கோடி, ஹாரிஸுக்கு 7.5 கோடி. ஸ்டார்லிங்க் வாக்கு எண்ணும் இயந்திரங்களோடு இணைக்கப்படவே இல்லை.

சரி, இதையெல்லாம் எழுதுகிறவர்கள் யார்? பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) இருக்கும் அமெரிக்கப் பெரியவர்களில் வெறும் 10 சதவீதம் பேர்தான் தேசிய அரசியல் பற்றிய ட்வீட்டுகளில் 97 சதவீதத்தை எழுதினார்கள். மீதிப் பேர் கிரிக்கெட் இல்லாத ஊரில் வேறு விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கர் போல எழுதுகிற வேறு சிலர் அமெரிக்காவிலேயே இல்லை என்பது அதைவிட வேடிக்கை. 2025 நவம்பரில் எக்ஸ் தளம் ஒவ்வொரு கணக்கும் எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று காட்டத் தொடங்கியது. கொடியும் கழுகும் படமாக வைத்துக்கொண்டு "நம் நாட்டைக் காப்போம்" என்று முழங்கிய பல கணக்குகள் நைஜீரியா, வங்கதேசம், கிழக்கு ஐரோப்பா என்று காட்டின. நம் நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. அதிகம் பேர் பார்த்துப் பதில் போட்டால் அந்தத் தளம் பணம் தருகிறது. கோபமூட்டும் பதிவுக்குத்தான் பதில் குவியும். உங்கள் காலை நேரம் யாருடைய மாத வருமானமோ.

உங்கள் மகனின் ஊரிலேயே நடந்தது ஒன்று உண்டு. 2016 மே 21, ஹூஸ்டன் நகரின் நடுவில் ஓர் இஸ்லாமிய மையம். தெருவின் ஒரு பக்கம் "டெக்சாஸ் இஸ்லாமியமயமாவதைத் தடுப்போம்" என்று ஒரு கூட்டம். எதிர்ப்பக்கம் இஸ்லாமியருக்கு ஆதரவாக இன்னொரு கூட்டம். நடுவில் போலீஸ். முதல் கூட்டத்தை அழைத்தது ஃபேஸ்புக்கில் இரண்டரை லட்சம் பேர் பின்தொடர்ந்த 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற பக்கம். இரண்டாவதை அழைத்தது 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஒரே நிறுவனம். இரண்டு கூட்டத்துக்குமான விளம்பரச் செலவு ஏறத்தாழ 200 டாலர் என்று 2017 நவம்பரில் செனட் விசாரணையில் வெளியானது. தெருவில் நின்று ஒருவரை ஒருவர் திட்டியவர்கள் எல்லாம் அசல் ஹூஸ்டன்காரர்கள். கூட்டிய ஆள் மட்டும் அங்கே இல்லை.

ட்ரம்பை ஆதரிப்பதை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம். 2024-இல் அங்கே வாக்களித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் விருப்பமும் அதுதான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. 2025 செப்டம்பர் 19 நினைவிருக்கிறதா? புதிய எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் என்ற உத்தரவு வந்த அன்று, வர்த்தக அமைச்சரே அது வருடா வருடம் கட்ட வேண்டியது என்பதுபோலப் பேசினார். விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் ஏறினார்கள். மறுநாள் வெள்ளை மாளிகை விளக்கம் தந்தது: ஒருமுறை கட்டணம், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும். அந்த ஒரு நாளில் இணையத்தில் வராத கருத்து இல்லை. உங்கள் மகன் வக்கீல் மெயிலுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தெரிந்த அமெரிக்கா அது.

அவனிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. அவன் வீட்டில் எத்தனை நாள்? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் சொத்து வரி தீட்டிவிடும். அதில் பெரும்பங்கு உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போகிறது. பள்ளி நிர்வாகக் குழுவை அந்த வட்டார மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமை ஆசிரியராக இருந்தவருக்கு இதைவிட சுவாரசியமான அமெரிக்க அரசியல் வேறு என்ன வேண்டும்? நாம் இங்கே தொகுதி மறுவரையறை என்றாலே பதறுகிறோம். அங்கே பல மாநிலங்களில் எல்லையை வரைவதே சட்டமன்றத்தின் ஆளுங்கட்சிதான். வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பதை டெக்சாஸ் 2025 ஆகஸ்டில் இடையிலேயே செய்தது, அங்கே ஆளும் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக வரும் கணக்கில். பதிலுக்கு நவம்பரில் கலிபோர்னியா மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகத் தன் வரைபடத்தை மாற்றியது. டெக்சாஸ் வரைபடத்தை 2026 தேர்தலுக்குப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் டிசம்பரில் விட்டுவிட்டது. உங்கள் மகன் வீடு இப்போது எந்தத் தொகுதியில் இருக்கிறது? தேடிப் பாருங்கள்.

மீண்டும் சகோதரிக்கு. கணவர் மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அது வராது. "சரி, இனிமே டேக் பண்ணலை" என்ற ஒரு வாக்கியம் போதும், மகன் கேட்டதும் அவ்வளவுதான். தம்பியிடமும் பேசுங்கள், குடும்பக் குழுவில் இனி பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து மட்டும், அமெரிக்கத் தேர்தலுக்கு அவர்கள் இருவருமாகத் தனியாக ஒரு குழு தொடங்கிக்கொள்ளட்டும். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நீங்களே கூப்பிடுங்கள். அங்கே அப்போது காலை, பேரன் எழுந்திருப்பான். போனை முதலில் கணவர் கையில் கொடுக்காதீர்கள்.