கருத்தரிப்பு மையத்துக்கு முதல் தடவை போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு அடுத்த மாதம் சிகிச்சைக்குப் போகிறோம், எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், ரெண்டு பேரும் சேர்ந்து போங்கள். பெண்ணை மட்டும் மாமியாரோடு அனுப்பிவிட்டு மாப்பிள்ளை வேலைக்குப் போகிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் இருப்பதிலேயே வலியில்லாத, செலவு குறைந்த டெஸ்ட் விந்துப் பரிசோதனைதான். அதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும், அதனால் வீட்டில் எடுத்து டப்பாவோடு பஸ் ஏறுகிற யோசனை வேண்டாம், பாதி வழியிலேயே நேரம் முடிந்துவிடும், அங்கேயே கொடுத்துவிடுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், ஆகவே பீடி சிகரெட், குடி எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்தினால்தான் பலன் அப்புறம் தெரியும்.

மனைவி மாதவிலக்குத் தேதிகளைக் குறித்து வைக்கட்டும். சில ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகளை மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாளில்தான் எடுப்பார்கள், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் (AMH) டெஸ்டை எந்த நாளிலும் எடுக்கலாம். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இப்போதே தொடங்குவது நல்லது. தைராய்டு, சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பழைய ஸ்கேன், ஆபரேஷன் சீட்டு எல்லாம் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

கருத்தரிப்புச் சிகிச்சை மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். பேக்கேஜ் என்று சொன்னால் ஊசி மருந்தும் அதில் சேர்த்தியா என்று எழுதியே வாங்கிவிடுங்கள்.