பள்ளி வாசலில் காத்திருக்கும் பசி: மகனின் கைச்செலவை நிறுத்தலாமா?

கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: படிவம் 2 பயிலும் அவருடைய 14 வயது மகன், காலை 6.30 மணிக்கு எதுவும் சாப்பிடாமல் கிளம்பிவிடுகிறான். பிற்பகலில் பள்ளி முடிந்ததும் வாசலில் உள்ள கடைகளில் பர்கர், பொரித்த சோசேஜ், சீராப் பண்டுங் (ரோஜாப் பாகும் பாலும் கலந்த பானம்) என வாங்கி உண்டுவிட்டு, வீட்டுச் சோற்றைத் தொடுவதேயில்லை. நாள்தோறும் கொடுக்கும் 6 ரிங்கிட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். காசு நின்றாலும் பசி நிற்காது. நண்பர்களிடம் கடன் வாங்கி அதே கடையில்தான் உண்பான். அதை உங்களிடம் மறைக்கவும் பழகிக்கொள்வான்.

மகனின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் இரவு உண்டவன், சுமார் 20 நிமிட ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நின்று கிடைத்ததை விழுங்கிவிட்டு, பிற்பகல் வெயிலில் வெளியே வருகிறான். வளரும் உடலின் பசி உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில், கையில் உள்ள காசுக்குள் அடங்கும் விலையில், நண்பர்கள் கூடி நிற்கும் இடத்தில், எண்ணெய்ச் சட்டியின் மணம் அவனை அழைக்கிறது. இத்தனையும் ஒன்றுசேரும்போது பிள்ளைக்கு மனவுறுதி இல்லை என்று சொல்வது நியாயமன்று.

கடையின் அருகாமைக்கும் பிள்ளைகளின் எடைக்கும் தொடர்புண்டா என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 9ஆம் வகுப்பு மாணவர்களைப் பற்றி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளியிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டருக்குள் துரித உணவகம் இருந்த இடங்களில் உடற்பருமன் விகிதம் சுமார் 5 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 400 மீட்டர் தொலைவில் அத்தகைய தாக்கம் தென்படவில்லை. எல்லா ஊர்களிலும் முடிவுகள் இப்படியே அமையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வாசலைத் தாண்டி எடுத்து வைக்கும் முதல் சில அடிகளே முக்கியம் என்பது என் கருத்து. தென்கொரியா 2009 முதல் பள்ளிகளைச் சுற்றி 200 மீட்டரைச் சிறப்பு உணவுப் பாதுகாப்பு வட்டாரமாகப் பேணி வருகிறது. லண்டனின் 2021ஆம் ஆண்டுத் திட்டம், பள்ளியிலிருந்து 400 மீட்டர் நடைதூரத்துக்குள் சூடான உணவைப் பொட்டலமாக விற்கும் புதிய கடைகளைத் தடுக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பர்கரன்று, சீராப் பண்டுங்தான். அதில் சேரும் இனிப்பான கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ரோஜாப் பாகும் சர்க்கரையே. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, உணவில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் சர்க்கரை மிகுந்த புட்டி, டின் பானங்களுக்குக் கலால் வரி உண்டு. அவற்றில் சர்க்கரையின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். வாசலில் கலக்கித் தரும் பானத்துக்கோ வரியுமில்லை, அளவுச் சீட்டுமில்லை. மேலும், திரவமாக உள்ளே போகும் சர்க்கரை திட உணவைப் போல வயிற்றை நிறைப்பதில்லை. தாகத்துக்கு என்று குடிப்பதால் அதை உணவென்று பிள்ளைகள் கணக்கில் சேர்ப்பதுமில்லை.

ஆகவே முதல் வேலை, அவன் வாசலுக்கு வரும் முன்பே பசியின் கூர்மையைக் குறைப்பது. காலையில் உட்கார்ந்து உண்ண நேரமில்லையென்றால், முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி ஒன்றை வழியில் உண்ணக் கொடுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலையை ஒரு சிறிய டப்பாவில் போட்டு, கடைசிப் பாடம் முடிந்ததும் உண்ணச் சொல்லுங்கள். பெரிய தண்ணீர்ப் புட்டி கட்டாயம் வேண்டும். தாகம் தணிந்தவனுக்குச் சீராப் அவ்வளவு இனிக்காது.

காசைப் பொறுத்தவரை, அவனையும் உட்கார வைத்துப் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நண்பர்களோடு விரும்பியதை உண்ணட்டும். அந்த உரிமை இந்த வயதில் அவனுக்கு மிகவும் பெரியது. மற்ற நாள்களில் வெட்டிய கொய்யாவோ வேகவைத்த சோளமோ வாங்கலாம். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) அமர்ந்தால் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டுக்குப் பதிலாகச் சப்பாத்தியும் பருப்பும் கேட்கலாம். தேநீர் வேண்டுமென்றால் பாலும் சர்க்கரையும் சேராத தே ஓ கோசோங் என்று சொல்லலாம், அதற்கு நாக்கு பழகாத முதல் சில வாரங்களில் கூராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்றாவது சொல்லிப் பழகட்டும்.

வாசலை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். கடைக்காரர்களை விரட்டச் சொல்லாதீர்கள். அவர்களும் குடும்பம் நடத்துகிறவர்கள். பழமும் சோளமும் முன்வரிசையில், சர்க்கரை குறைந்த பானம் குறைந்த விலையில் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 5 முதல் 17 வயது வரையிலானோரில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். பெரியவர்களுள் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மகனின் எடை கூடிவந்தாலோ, பின்கழுத்தின் தோல் கருத்துத் தடித்திருந்தாலோ, வீட்டில் நெருங்கிய உறவினருக்கு நீரிழிவு இருந்தாலோ, அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள். கழுத்துக் கருமையை அழுக்கென்று தேய்த்துக் கழுவிக்கொண்டே காலம் கடத்தும் வீடுகள் நம்மிடையே பல.